கவிதைக்குச் ‘சரியான விடை’ உண்டா? ஆங்கில இலக்கிய வகுப்பில் நவீன கவிதை படும் பாடு

அமெரிக்கக் கவிஞர் சாரா ஹோல்புரூக்கின் கவிதைகள் டெக்சஸ் மாநிலப் பள்ளித் தேர்வுகளில் வந்திருக்கின்றன. அந்தத் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்துகொண்டிருந்த ஓர் ஆசிரியர் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு, கவிஞருக்கே எழுதிக் கேட்டுவிட்டார். கவிதையை இரண்டு பத்தியாகப் பிரித்திருப்பது எதற்கு? கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் எது சரி? மேடையில் சொல்லும்போது அந்த இடத்தில் சற்று நிறுத்துவேன், அதனால் பிரித்தேன் என்றார் ஹோல்புரூக். நான்கு விடைகளில் அது இல்லை. தன் கவிதையைப் பற்றிய கேள்விகளுக்குத் தன்னாலேயே பதில் சொல்ல முடியவில்லை என்று 2017 ஜனவரியில் அவர் எழுதிய கட்டுரை நிறையப் பேரைச் சிரிக்க வைத்தது.

சிரித்தவர்கள் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். இலக்கிய வாத்தியார்கள் இல்லாததை இருப்பதாகச் சொல்கிறார்கள் என்பது ஒன்று. கவிதைக்கு யார் என்ன அர்த்தம் சொன்னாலும் சரிதான் என்பது இன்னொன்று. இரண்டுமே அவசர முடிவுகள். தேர்வு எதிர்பார்த்த விடை, வாரக்கடைசியைப் பற்றிய உணர்வும் திங்கட்கிழமையைப் பற்றிய உணர்வும் எதிரெதிராக நிற்கின்றன என்பது. மேடையில் ஒருவர் ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகிறார் என்றால் அங்கே பேச்சு ஏதோ ஒரு வகையில் திரும்புகிறது என்றுதானே அர்த்தம்? ஆக, கவிஞரின் விடையும் தேர்வின் விடையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. கோளாறு கேள்வியின் கட்டுமானத்தில் இருக்கிறது: நான்கில் ஒன்றுதான் காரணம், மற்ற மூன்றுக்கும் பூஜ்யம்.

இந்தக் கோளாறு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்க, கவிதையை வகுப்பில் வைத்துப் பிரித்துப் படிக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது என்பதிலிருந்து வர வேண்டும். அது அப்படியொன்றும் பழைய வழக்கம் இல்லை. நூறு வருடம் போல ஆகிறது.

## முதலில் சில சொற்கள்

1. நவீன கவிதை. இப்போது எழுதப்படும் கவிதை என்று பொருள் இல்லை. ஆங்கில இலக்கியப் பாடத்தில் இது ஏறக்குறைய 1910-ல் தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரை வரும் கவிதையைக் குறிக்கும். எஸ்ரா பவுண்ட், டி. எஸ். எலியட், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், வாலஸ் ஸ்டீவன்ஸ், மரியான் மூர் போன்றவர்கள். யாப்பைத் தளர்த்தினார்கள், இணைப்புச் சொற்களை வெட்டினார்கள், விளக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். பவுண்ட் பாரிஸ் மெட்ரோ ரயில் நிலையத்தில் பார்த்த முகங்களைப் பற்றி முதலில் 30 வரி எழுதி அழித்தார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்துக்கு எழுதினார். இன்னொரு வருடம் கழித்து இரண்டே வரியில் முடித்தார். 1913-ல் வெளியான அந்த இரண்டு வரியில் ஒரு வினைச்சொல்கூடக் கிடையாது. கூட்டத்தில் முகங்கள், ஈரக் கருங்கிளையில் இதழ்கள். முகத்துக்கும் இதழுக்கும் என்ன உறவு என்பதை அவர் சொல்லவில்லை. அது நம் வேலை.

2. கவிதைசொல்லி. கவிதைக்குள் ‘நான்’ என்று பேசும் குரல். அது கவிஞராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அகப்பாடல் படித்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ‘தலைவி கூற்று’ என்று மேலே போட்டிருந்தால், பேசுவது கபிலர் இல்லை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலக் கவிதையில் கூற்று போட்டுத் தரமாட்டார்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்று நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

3. தொனி. ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்பதைப் பாராட்டாகவும் சொல்லலாம், எரிச்சலிலும் சொல்லலாம். பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அச்சில் சுற்றியிருக்கும் சொற்கள்தான் காட்ட வேண்டும்.

4. நெருங்கி வாசித்தல். ஆங்கிலத்தில் குளோஸ் ரீடிங் என்பார்கள். கவிஞரின் வாழ்க்கை, காலம் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, பக்கத்தில் இருக்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. ஏன் இந்தச் சொல், ஏன் இங்கே, ஏன் வரி இங்கே முறிகிறது என்று கேட்டுக்கொண்டே போவது.

## பெயரை மறைத்துக் கொடுத்த 13 கவிதைகள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனிப் பாடத்திட்டம் 1917-ல்தான் ஏற்பாடானது. அங்கே 1920-களில் பாடம் எடுத்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு சோதனை செய்தார். கவிதைகளை அச்சடித்து மாணவர்களிடம் கொடுத்தார். யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற விவரம் கிடையாது. ஒரு வாரம் வைத்திருந்து, திரும்பத் திரும்பப் படித்து, தோன்றுவதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதுபவர் பெயரும் வேண்டாம் என்றார். அப்படி வந்த தாள்களைத் தொகுத்து, 13 கவிதைகளுக்குக் கிடைத்த எதிர்வினைகளை 1929-ல் புத்தகமாக வெளியிட்டார்.

முடிவு திகைக்க வைத்தது. இலக்கியம் படிப்பதற்கென்றே வந்த மாணவர்கள், இன்று பாடத்திட்டத்தில் அசைக்க முடியாமல் இருக்கும் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸையும் டி. எச். லாரன்ஸையும் சகட்டுமேனிக்குத் திட்டியிருந்தார்கள். பெயர் தெரிந்திருந்தால் பாராட்டியிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. லாரன்ஸின் கவிதையில், ஒரு பெண் பாடுவதைக் கேட்கும் மனிதன் தன் குழந்தைப் பருவத்துக்குப் போய், அம்மாவின் பியானோவுக்கு அடியில் உட்கார்ந்திருந்ததை நினைத்து அழுகிறான். வெறும் அழுமூஞ்சித்தனம் என்று பலர் ஒதுக்கினார்கள். ஆனால் ‘என்னையும் மீறி’ என்று கவிதையிலேயே இருக்கிறது. அந்த மனிதன் தன் அழுகையோடு மல்லுக்கட்டுகிறான். அந்த ஒரு சொற்றொடரைத் தாண்டிப் போய்விட்டால் வேறு கவிதையைப் படித்ததாகிவிடும்.

வாசகர்கள் சறுக்கும் இடங்களை ரிச்சர்ட்ஸ் பத்தாகப் பட்டியல் போட்டார். அதில் முதலாவதுதான் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது: வாக்கியத்தின் நேர்ப்பொருளே பலருக்குப் பிடிபடுவதில்லை. எழுவாய் எது, பயனிலை எது என்று தெரியாமலே குறியீட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். மற்றொன்று தயார்நிலை உணர்ச்சி. ‘அம்மா’ என்ற சொல் வந்ததும் கவிதை என்ன சொல்கிறது என்று பார்க்காமலே கண்கலங்குவது. இன்னொன்று சொந்த ஞாபகம். நம் வீட்டுக் கிணற்றடி நினைவுக்கு வந்து, கவிதையில் இருக்கும் கிணற்றை மூடிவிடுவது.

பொருளையும் அவர் நான்காகப் பிரித்தார்: என்ன சொல்லப்படுகிறது, அதன்மேல் என்ன உணர்வு, கேட்பவர்மேல் என்ன தொனி, எந்த நோக்கம். ‘அர்த்தம் என்ன?’ என்ற ஒரே கேள்விக்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்றால், வகுப்பில் ஆளுக்கொரு பதில் வருவதில் ஆச்சரியமில்லை. ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார், இன்னொருவர் மூன்றாவதற்கு.

ரிச்சர்ட்ஸின் மாணவர் வில்லியம் எம்ப்சன் 1930-ல், 24 வயதில், பொருள்மயக்கத்தில் ஏழு வகை உண்டு என்று ஒரு புத்தகம் எழுதினார். ஒரு சொல் இரண்டு பக்கமும் இழுப்பதைக் குறையாகப் பார்க்காமல் கவிதை இயங்கும் விதமாகப் பார்க்க அது கற்றுக்கொடுத்தது. சிலேடையில் ஊறிய தமிழுக்கு இது புதிதில்லை. ஆங்கிலத் திறனாய்வுக்குப் பெரிய திருப்பம்.

## அமெரிக்கா போனதும் நடந்தது

1938-ல் கிளீந்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன் இருவரும் கல்லூரி மாணவர்களுக்காக ஒரு கவிதைப் பாடநூல் கொண்டுவந்தார்கள். கவிதையின் சொற்களை மட்டும் வைத்து நெருங்கி வாசிக்கும் இந்தப் போக்குக்கு நியூ கிரிட்டிசிசம், அதாவது புதுத் திறனாய்வு என்று பெயர் நிலைத்தது. 1944-ல் போர்வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் வந்து, போர் முடிந்ததும் கல்லூரிகள் நிரம்பி வழிந்தன. லத்தீன், கிரேக்கம், ஐரோப்பிய வரலாறு எதுவும் வீட்டில் வாய்க்காத மாணவர்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு தாளில் ஒரு கவிதையை வைத்து, ‘வேறெதுவும் வேண்டாம், இதைப் பார்’ என்று சொல்லும் முறை கைகொடுத்தது. எல்லாருக்கும் சமமான வாசல். அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

1946-ல் விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். கவிஞர் மனதில் என்ன நினைத்தார் என்பது நமக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் அது கவிதையை அளக்கும் கோல் ஆகாது என்றார்கள். நினைத்தது கவிதைக்குள் வந்திருந்தால் கவிதையே காட்டும். வரவில்லை என்றால், நினைத்தது கணக்கில் சேராது. ஹோல்புரூக் விவகாரத்தை அவர்களிடம் கொண்டுபோயிருந்தால், ‘கவிஞரிடம் ஏன் கேட்டீர்கள்?’ என்றுதான் கேட்டிருப்பார்கள்.

## 16 சொற்கள்

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே கவிதையில் பார்க்கலாம். நியூ ஜெர்சியில் ரூதர்ஃபோர்ட் ஊரில் டாக்டராக இருந்த வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 1923-ல் வெளியிட்டது. முதலில் அதற்குத் தலைப்பே இல்லை, 22 என்ற எண்தான். சிவப்புத் தள்ளுவண்டி என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. மொத்தம் 16 சொற்கள். விஷயம் இவ்வளவுதான்: எவ்வளவோ சார்ந்திருக்கிறது, ஒரு சிவப்பு ஒற்றைச்சக்கரத் தள்ளுவண்டியின்மேல், அது மழைநீரில் பளபளக்கிறது, பக்கத்தில் வெள்ளைக் கோழிகள்.

இதைக் கவிதை என்று சொன்னால் வகுப்பில் முதலில் சிரிப்புதான் வரும். சரி, பார்ப்போம்.

1. நான்கு சிறு பத்திகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி. முதல் வரியில் மூன்று சொல், இரண்டாம் வரியில் ஒரே சொல். நான்கு தடவையும் அதே கணக்கு. யாப்பில்லாத கவிதை என்கிறோம். எண்ணிப் பார்த்தால் கறாரான கணக்கு இருக்கிறது.

2. ‘வீல்பேரோ’ என்ற ஒரே சொல்லை ‘வீல்’ என்று ஒரு வரியிலும் ‘பேரோ’ என்று அடுத்த வரியிலும் உடைக்கிறார். ‘ரெயின்வாட்டர்’ என்பதையும் அப்படியே. நம் செய்யுளில் சீருக்காகச் சொல்லை வெட்டுவதை வகையுளி என்போம்; ஓசை கெடாமல் இருக்க அப்படிச் செய்கிறோம். இவர் வெட்டுவது கண்ணுக்காக. வண்டி என்று முழுதாகச் சொன்னால் கண் தாண்டிப் போய்விடும். சக்கரம் என்று முதலில் பார்த்து, நின்று, அப்புறம் வண்டியைப் பார்க்க வைக்கிறார்.

3. ‘சார்ந்திருக்கிறது’ என்பதற்கு மூலத்தில் இருக்கும் ‘டிபெண்ட்ஸ்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்குத் தொங்குவது என்று பொருள். அதோடு சேர வேண்டிய ‘அப்பான்’ (மேல்) என்ற சொல் அடுத்த வரியில் தனியாகத் தொங்குகிறது.

4. ‘எவ்வளவோ சார்ந்திருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எதன்மேல் என்று காக்க வைக்கிறார். தமிழில் பெயர்த்தால் இது கைநழுவும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் இயல்பாக வரும். ‘கோழிகளுக்குப் பக்கத்தில் உள்ள வண்டியின்மேல் எவ்வளவோ சார்ந்திருக்கிறது’ என்று எழுதினால் காத்திருப்பு போய்விடும், கடைசி வரி நீதிபோல ஒலிக்கும். மூலத்தில் கடைசியில் நிற்பவை கோழிகள்தான்.

இப்போது வகுப்பில் வரும் விளக்கங்களை எடுத்துக்கொள்வோம். சிவப்பு என்றால் புரட்சி, வெள்ளை என்றால் தூய்மை, மழை என்றால் மறுபிறப்பு என்று சில கைடுகள் வரிசை கட்டும். கவிதையில் இதற்கு ஒரு சான்றும் இல்லை. சிவப்பு பக்கத்தில் வெள்ளை இருக்கிறது, நிறங்கள் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன, அவ்வளவே. விவசாயம் கருவிகளை நம்பியிருக்கிறது என்ற விளக்கம் தவறில்லை. ஆனால் அதற்கு மழைநீரின் பளபளப்பு எதற்கு, வரியை உடைப்பது எதற்கு? பதில் கிடையாது. அன்றாடப் பொருளை நின்று பார்ப்பது முக்கியம் என்ற விளக்கம், மேலே சொன்ன நான்கையும் அணைத்துக்கொண்டு போகிறது. ஆகவே அது பலமான விளக்கம். எல்லா விளக்கமும் சமம் இல்லை என்று சொல்வது இப்படித்தான்: எது அதிகமான சொற்களுக்குக் கணக்குச் சொல்கிறதோ அது மேல்.

இதோடு ஒரு கதையும் வகுப்புகளில் சுற்றுகிறது. நோயில் கிடந்த குழந்தையின் படுக்கை அருகே காத்திருந்த டாக்டர், ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதினார் என்று. உருக்கமான கதை. ஆனால் வில்லியம்ஸ் பிற்காலத்தில் சொன்னது வேறு: மார்ஷல் என்ற முதிய கறுப்பினத்தவரின் வீட்டுப் பின்கட்டில் அந்த வண்டியைப் பார்த்தேன் என்றார். அவர் தெருவில் பொருள் விற்ற தாடியஸ் மார்ஷல் என்று விமர்சகர் வில்லியம் லோகன் தேடிக் கண்டுபிடித்தார். 2015-ல் ரூதர்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான கிளிஃப்டனில் அவருக்குக் கல்லறைக்கல்லும் வைத்தார்கள். இது தெரிந்ததும் ‘எவ்வளவோ சார்ந்திருக்கிறது’ என்ற வரி சற்று அசைகிறது. ஒரு தெரு வியாபாரிக்கு வண்டி என்றால் பிழைப்பு. கவிதைக்குள் அவர் இல்லை, ஆனால் ‘யாருக்கு?’ என்ற கேள்விக்கு இடம் விட்டிருக்கிறது. புதுத் திறனாய்வு கதவைச் சாத்தியபோது வெளியே நின்றவர்களில் அவரும் ஒருவர்.

## உலகமே தலைகீழாகப் படித்த கவிதை

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘தி ரோட் நாட் டேக்கன்’ என்ற இரண்டு பாதைக் கவிதை சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பல வருடம் முதல் கவிதையாக இருந்தது. நம் ஊரில் நிறையப் பேருக்கு நவீன ஆங்கிலக் கவிதை என்றால் அதுதான். ‘யாரும் போகாத பாதையில் துணிந்து போ, வெற்றி உனதே’ என்று பேச்சுப்போட்டிகளில் முழங்குவார்கள்.

கவிதையில் அப்படி இல்லை. காட்டில் பாதை பிரிகிறது. ஒரு பாதையில் புல் கூடுதல், நடமாட்டம் குறைவு என்று தொடங்குகிறார். உடனே, போனவர்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேய்த்திருந்தார்கள் என்கிறார். அடுத்த பத்தியில் மறுபடி, அன்று காலை இரண்டுமே ஒரேமாதிரி மிதிபடாத இலைகளோடு கிடந்தன என்கிறார். வித்தியாசமே இல்லை என்று இரண்டு தடவை. கடைசிப் பத்தியில் காலம் மாறுகிறது: பல காலம் கழித்து, எங்கோ உட்கார்ந்து, பெருமூச்சோடு இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன், ‘நடமாட்டம் குறைந்த பாதையைத் தேர்ந்தேன், எல்லாவற்றையும் மாற்றியது அதுதான்’ என்று. மேடையில் முழங்கும் வரி, எதிர்காலத்தில் தான் சொல்லப்போகும் வரி. அங்கே ‘நான்’ என்ற சொல் வரிக் கடைசியில் ஒரு கோடோடு நின்று, அடுத்த வரியில் மறுபடி ‘நான்’ என்று தொடங்குகிறது. குரல் தடுக்குகிறது. தலைப்பைப் பாருங்கள்: அது போன பாதையின் பெயர் இல்லை, போகாத பாதையின் பெயர்.

இங்கே கவிஞரின் வாழ்க்கை துணைக்கு வருகிறது. ஃப்ராஸ்ட் இங்கிலாந்தில் இருந்தபோது 1914-ல் எட்வர்ட் தாமஸ் என்ற நண்பரோடு குளோஸ்டர்ஷையர் பக்கம் நடப்பார். எந்தப் பாதையில் போனாலும், மற்றதில் போயிருக்கலாமே என்று தாமஸ் வருந்துவாராம். அவரைக் கிண்டல் செய்து எழுதிய கவிதை 1915-ல் அச்சானது. தாமஸுக்கே அந்தக் கிண்டல் பிடிபடவில்லை. அந்த வருடமே அவர் ராணுவத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரில், 1917 ஏப்ரல் 9 அன்று, பிரான்ஸின் ஆராஸ் போர்க்களத்தில் இறந்தார். இது ஏமாற்றும் கவிதை, ஜாக்கிரதை என்று ஃப்ராஸ்ட் பிற்காலத்தில் எச்சரித்தும் பலன் இல்லை.

தாமஸ் கதை தெரியாதவரும் இந்தப் பொருளுக்கு வந்துசேர முடியும். இரண்டாம், மூன்றாம் பத்திகளை விடாமல் படித்தால் போதும்.

## கரும்பலகையில் ஐந்தாறு பெயர்கள்

அப்படியானால் எல்லாம் சொற்களிலேயே இருக்கிறதா? ஸ்டான்லி ஃபிஷ் என்ற பேராசிரியர், 1971-ல் அமெரிக்காவின் பஃபலோவில் தன் வகுப்பில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். ஒரு வகுப்புக்கு வீட்டுப்பாடமாக மொழியியலாளர்கள் சிலரின் பெயர்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். ஜேக்கப்ஸ், ரோசன்பாம், லெவின், தோர்ன், ஹேய்ஸ்... அடுத்து வந்த வகுப்பு 17-ம் நூற்றாண்டு கிறிஸ்தவ பக்திக் கவிதை படிப்பவர்கள். பெயர்களைச் சுற்றிக் கட்டம் போட்டு, ‘பக்கம் 43’ என்று மேலே எழுதி, இது ஒரு பக்திக் கவிதை, விளக்குங்கள் என்றார். விளக்கினார்கள்! ஜேக்கப்ஸ் என்றால் சொர்க்கத்துக்கு ஏறும் யாக்கோபின் ஏணி. ரோசன்பாம் என்றால் ரோஜா மரம், அதாவது கன்னி மரியாள். தோர்ன் என்றால் முள்கிரீடம்.

கவிதை என்று நம்பிவிட்டால் எதையும் கவிதையாகப் படிக்க நாம் பழகியிருக்கிறோம், அந்தப் பழக்கத்தை வகுப்பறைதான் தருகிறது என்பது ஃபிஷ்ஷின் வாதம். பாதி ஏற்கலாம். ஆனால் அந்த மாணவர்களால் பெயர்ப்பட்டியலை நகைச்சுவைக் கவிதையாகவோ காதல் கவிதையாகவோ அவ்வளவு சுலபமாக விளக்கியிருக்க முடியாது. யாக்கோபும் முள்ளும் பைபிளில் ஏற்கெனவே இருந்ததால்தான் பிடி கிடைத்தது. வாசகர் கொண்டுவருவதும் தாளில் இருப்பதும் எங்கோ சந்திக்க வேண்டியிருக்கிறது.

## அடிக்குறிப்பு போட்ட கவிதை

எலியட் 1922-ல் வெளியிட்ட பாழ்நிலம் பற்றிய நீள்கவிதையில் இந்தச் சந்திப்பு பெரிய சிக்கலாகிறது. 400 வரிக்கு மேல், பல மொழிகளிலிருந்து எடுத்தாண்ட வரிகள். பத்திரிகையில் வந்தபோது குறிப்புகள் இல்லை. புத்தகமாகப் போடும்போது பக்கம் போதவில்லை என்று கவிஞரே குறிப்புகளைச் சேர்த்து நீட்டினார். 1956-ல் மினசோட்டாவில் பேசும்போது, அது போலிப் புலமை என்று அவரே கேலி செய்தார். அதற்குள் இரண்டு தலைமுறை மாணவர்கள் கவிதையை விட்டுவிட்டுக் குறிப்பை மனப்பாடம் செய்திருந்தார்கள்.

நம் நாட்டு மாணவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. கடைசிப் பகுதியில் இடி பேசும் ‘த, த, த’ பிருகதாரண்யக உபநிடதத்திலிருந்து வருகிறது. ஹார்வர்டில் எலியட் சமஸ்கிருதம் படித்திருந்தார். உபநிடதத்தில் அடக்கம், ஈகை, இரக்கம் என்ற வரிசை. எலியட் ஈகை, இரக்கம், அடக்கம் என்று மாற்றுகிறார். ‘உபநிடதத்தை மேற்கோள் காட்டுகிறார்’ என்று எழுதினால் அது தகவல். அடக்கத்தை ஏன் கடைசிக்குத் தள்ளினார், அங்கே வரும் படகின் படிமத்தோடு அது எப்படிச் சேர்கிறது என்று கேட்கத் தொடங்கினால்தான் வாசிப்பு.

## தேர்வு செய்யும் வேலை

இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் மதிப்பெண் இப்படிப் பிரிகிறது: புரிந்துகொண்டு சான்றோடு பேசுவது ஒன்று, மொழி, வடிவம், கட்டமைப்பை ஆராய்வது இரண்டு, காலப் பின்னணியோடு தொடர்புபடுத்துவது மூன்று, பிழையில்லாமல் எழுதுவது நான்கு. காகிதத்தில் நியாயமான பட்டியல். நடைமுறையில் விளைவுகள் வேறு.

1. அணி வேட்டை. உவமை இருக்கிறது, மோனை இருக்கிறது என்று அடையாளம் காட்டினால் மதிப்பெண் வரும் என்று மாணவர் நம்புகிறார். மோனை இருந்து என்ன ஆயிற்று என்ற கேள்வி வருவதில்லை. நம் ஊர்க் கல்லூரித் தேர்வில் ‘இடம் சுட்டிப் பொருள் விளக்குக’ கேள்விக்குக் கவிஞர் பெயர், தலைப்பு, இரண்டு வரிக் கதைச்சுருக்கம் என்று அச்சில் வார்த்ததுபோல எழுதுவது இதன் உடன்பிறப்பு.

2. பாதுகாப்பான விளக்கம். நோட்ஸில் இருப்பதை எழுதினால் ஆபத்தில்லை. சொந்தமாகப் பார்த்ததை எழுதினால் திருத்துபவர் ஏற்பாரா என்ற பயம்.

3. கவிதையே தூக்கப்படுவது. 2008-ல் கரோல் ஆன் டஃபியின் ஒரு கவிதையை, கத்தி வருகிறது என்ற புகாரை ஒட்டித் தேர்வு வாரியம் ஒன்று தொகுப்பிலிருந்து நீக்கியது. ஆளில்லாத வெறுமையில் வன்முறைக்கு நகரும் ஒருவனின் குரலில் எழுதப்பட்ட கவிதை அது. கவிதைசொல்லி வேறு, கவிஞர் வேறு என்ற முதல் பாடம் தேர்வு வாரியத்துக்கே எட்டாமல் போனது. டஃபி பதிலுக்கு ஷேக்ஸ்பியரில் வரும் கொலைகளை அடுக்கி இன்னொரு கவிதை எழுதினார். 2020-ல், கொரோனாவால் பாடம் முடிக்க நேரமில்லை என்று விட்டுக்கொடுத்தபோது, 2021 தேர்வுக்கு விருப்பப் பாடமாக்கலாம் என்று ஒழுங்குமுறை அமைப்பு அனுமதித்தவற்றில் கவிதையும் இருந்தது. ஷேக்ஸ்பியர் கட்டாயமாகவே நீடித்தார்.

ரிச்சர்ட்ஸின் சோதனை இன்று ‘முன்பின் படிக்காத கவிதை’ என்ற பெயரில் அதே தேர்வில் உயிரோடு இருக்கிறது. ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் இரண்டாம் தாளில் மொத்தம் 96 மதிப்பெண்ணில் 32 இதற்கு. இரண்டு கவிதைகள் தருவார்கள். தாள் முழுவதற்கும் இரண்டேகால் மணி நேரம். அதில் இந்தப் பகுதிக்கு முக்கால் மணி ஒதுக்கச் சொல்லித் தருகிறார்கள். ரிச்சர்ட்ஸ் ஒரு வாரம் கொடுத்தார். எத்தனை தடவை படித்தீர்கள் என்பதையும் தாளில் குறிக்கச் சொன்னார். பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு கவிதையையும் குறைந்தது நான்கு தடவை படித்திருந்தார்கள். அப்படிப் படித்தும்தான் அந்தப் பத்துச் சறுக்கல்களும்.